அவள் ஊதினால் பல்பு எரியும்

புதுவாயல் கூட்டுரோட்டில் இறங்கி, மாடியில் கம்பி கட்டிய வீடு எது என்று கேட்டால் எங்கள் வீட்டைக் காட்டுவார்கள். முதலில் துணி காயப்போடும் கம்பி என்று நினைத்தார்கள். பிறகு இடிதாங்கி என்றார்கள். விஷயம் தெரிந்த பிறகு எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கையில் செல்போன் இருக்கும்போது இது எதற்கு? இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. அதனால் கேட்காதவர்களுக்காக எழுதுகிறேன்.

நானும் என் மனைவியும் ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கியவர்கள். மாடி அறையில் ஒரு பெட்டி, வெளியே ஒரு கம்பி, அவ்வளவுதான். முகம் தெரியாத ஊர்க்காரர்களோடு பேசலாம். ஒருவர் பேசி 'ஓவர்' சொன்ன பிறகுதான் அடுத்தவர் வாயைத் திறக்க முடியும். இதில் என்னை இழுத்துவிட்டவள் அவள்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லாரி எடைமேடையில் அவளுக்கு வேலை. எளாவூர் செக்போஸ்ட் தாண்டி ஆந்திராவிலிருந்து வரும் லாரிகளை வாக்கி டாக்கியில் அதட்டி வரிசையில் நிறுத்துவாள். தமிழில் பாதி, தெலுங்கில் பாதி. "நைனா, வண்டிய பின்னால எடு, உன் மாமியார் ஊடு இல்ல இது" என்று அவள் சொன்னால் பதினாறு சக்கரமும் பின்னால் போகும். ஒரு வெள்ளத்தில் செல்போன் எல்லாம் செத்துப்போனபோது, ஹாம்காரர்கள் சிலர் எங்கள் பக்கம் வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் பெட்டி வைத்து உட்கார்ந்தார்கள். அவள் ஒரு நாள் முழுக்க அவர்களுக்கு எதிரே நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, எனக்கு இது வேணும் என்றாள். நகை கேட்காதவள் இதைக் கேட்டாள்.

நான் இரும்பு உருக்கும் கம்பெனியில் எலக்ட்ரீஷியன். கரண்டில் ஓடும் உலை. நாங்கள் பெட்டியை வைத்த பிறகுதான் தெரிந்தது, எங்கள் ஏரியாவில் இருக்கிற இந்த மாதிரி உலைகள் எல்லாம் சேர்ந்து ரேடியோவில் எப்போதும் ஒரு கர்ர் சத்தத்தைப் போடுகின்றன என்று. என் பிழைப்பே எங்கள் பொழுதுபோக்குக்கு எதிரி. அந்தச் சத்தத்துக்குள் காதை வைத்துக் குரல்களைப் பொறுக்க வேண்டும். அவள் பொறுக்குவாள். லாரி இன்ஜின் நடுவே பேச்சு கேட்டுப் பழகிய காது.

அப்படிப் பொறுக்கிய குரல்களில் ஒன்று அந்தமானில் இருக்கிற அக்காவுடையது. டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பம். தினமும் காலையில் எல்லோரும் கூடிப் பேசும் நேரத்தில் இவர்கள் இருவரும் கடைசியில் தங்கிவிடுவார்கள். மீன் விலை, மூட்டு வலி, மழை. நேரில் ஒரு நாளும் பார்த்ததில்லை. அக்காவுடைய போன் நம்பர் இவளிடம் இருந்தது. ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

என் மனைவிக்குக் குரல் கம்மியபோது இரும்புத் தூசி என்று நினைத்தோம். எங்கள் பக்கம் எல்லாத் தொண்டைக் கோளாறுக்கும் அதுதான் பெயர். மிளகு, பனங்கற்கண்டு, கஷாயம். மாதக்கணக்கில் போன பிறகு சென்னைக்குக் கூட்டிப்போனேன். குழாய் விட்டுப் பார்த்தார்கள், சோதனைக்குச் சதை எடுத்தார்கள், அப்புறம் உட்காரவைத்துச் சொன்னார்கள். குரல்வளையை எடுத்தால் பிழைப்பாள். எடுத்த பிறகு கழுத்தில் ஒரு துளை இருக்கும், மூச்சு அதன் வழியாகப் போய்வரும். நாள் குறித்தார்கள். அதுவரை தொண்டைக்கு வேலை கொடுக்காதீர்கள் என்றார்கள்.

பஸ்ஸில் திரும்பினோம். வீட்டுக்கு வந்து, காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கிசுகிசுப்பாகச் சொன்னாள்.

"தொண்டைப் பொட்டி போறதுக்குள்ள அக்காகிட்ட ஒரு தபா பேசிடணும்யா. என் குரல்ல."

போன் போட்டுத் தரவா என்றேன். நானும் அந்தக் கேள்வியைக் கேட்டவன்தான்.

"போன்ல பேசினா அவங்களும் அழுவாங்க, நானும் அழுவேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அழுதுகினு இருந்தா கேக்கறது யாரு? இதுலன்னா ஒருத்தரு பேசினா இன்னொருத்தரு வாய மூடிக்கினு இருக்கணும்."

மறுநாள் காலையில் அவள் மைக்கை எடுத்தாள். நான் தடுக்கவில்லை. பேசினாள். கூட்டத்தை நடத்துகிறவர் வேறு மாநிலத்துக்காரர். இங்கிலீஷில், யாரோ ஒருவர் சரியில்லாத மைக்கோடு குறுக்கே வருகிறார், பழுது பார்த்துவிட்டு வாருங்கள், இப்போது ஒதுங்கி நில்லுங்கள் என்றார். அவள் மைக்கைக் கீழே வைத்தாள். நான் அதைப் பிடுங்கித் தமிழில் அவரை வைதேன். ஓவர் சொல்லாமல் வைதேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. பழுது மைக்கில் இல்லை என்று மட்டும் அவரிடம் சொல்லத் தோன்றவில்லை.

அன்றைக்குத்தான் லீனியர் கட்டுவது என்று முடிவு செய்தேன். லீனியர் என்றால் ஆம்ப்ளிஃபையர். சின்னப் பெட்டியிலிருந்து வருவதை வாங்கிப் பெரிதாக்கிக் கம்பிக்கு அனுப்பும். பழைய ரேடியோக்களில் இருக்குமே, அந்தக் கண்ணாடி வால்வு போட்டுக் கட்டுவது. உருக்குவதற்காக எங்கள் கம்பெனி யார்டில் கொட்டியிருந்த பழைய இரும்பில் மைக்ரோவேவ் அடுப்புகள் கிடந்தன. மேனேஜரிடம் கேட்டு அவற்றிலிருந்து டிரான்ஸ்பார்மர்களைக் கழற்றினேன். வால்வுகள் இரண்டு சென்னையில் பழைய சாமான் கடையில் கிடைத்தன. ஷிப்ட் முடிந்து வந்து கட்டினேன். உள்ளே ஓடும் வோல்டேஜ் ஒரு கையில் ஏறி மறுகையில் இறங்கினால் நெஞ்சு நின்றுவிடும். அதனால் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டுதான் வேலை செய்வேன். அவள் கதவோரம் உட்கார்ந்து அந்தப் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

கட்டினால் போதாது, டியூன் செய்ய வேண்டும். அலைவரிசைக்குப் பொருத்த இரண்டு கேங் கண்டன்சர், அவற்றைத் திருப்ப இரண்டு குமிழ். பெட்டியிலிருந்து விடாமல் ஒரே சத்தம் வந்துகொண்டிருக்க வேண்டும். முதல் குமிழைத் திருப்பினால் மீட்டரில் முள் ஓரிடத்தில் சடாரென்று இறங்கும். அதுதான் இடம். இரண்டாவதைத் திருப்பினால் முள் ஏறும். மறுபடி முதல் குமிழ். எல்லாம் சில விநாடிக்குள் முடிக்க வேண்டும். இழுத்துக்கொண்டே போனால் வால்வுக்குள் இருக்கிற தட்டு சிவந்துவிடும். இரும்பு சிவப்பதைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான், ஆனால் அந்தச் சின்னத் தட்டு சிவந்தால் உடனே சுவிட்சை அணைத்துவிடுவேன்.

கடையில் வாங்கும் பெட்டிகளில் அந்தச் சத்தத்துக்கு ஒரு பட்டன் இருக்கும். எங்களுடையது நாங்களே கட்டிய பெட்டி, அந்தப் பட்டன் கிடையாது. மைக்கில் யாராவது விசில் அடிக்க வேண்டும். எனக்கு விசில் வராது, எச்சில்தான் வரும். அவளுக்கு வரும். சின்ன வயதில் வயலில் கொக்கு ஓட்டக் கற்றுக்கொண்டதாம். பெட்டி கட்டின நாளிலிருந்தே எங்கள் வீட்டு வழக்கம் இது: அவள் ஊதுவாள், நான் திருப்புவேன். அவளுடைய ஒரு மூச்சுக்குள் நான் முடித்தாக வேண்டும். எதிர்வீட்டு அம்மா ஒரு தடவை கீழே நின்றுகொண்டு, "பொம்பள மாடியில நின்னுகினு விசில் அடிக்குது, யாரைக் கூப்புடுதோ" என்றாள். இவள் கைப்பிடிச்சுவரில் குனிந்து, "உன் ஊட்டுக்காரரத்தான். வந்தாரா?" என்றாள். அப்புறம் அந்தப் பேச்சு வரவில்லை.

குரல் போய்க்கொண்டிருந்தபோதும் விசில் போகவில்லை. அது தொண்டையில் பிறப்பது இல்லை, உதட்டில் பிறப்பது. கம்பியில் அனுப்பாமல் சோதிக்க ஒரு குண்டு பல்பைக் கோத்திருந்தேன். அவள் ஊதினாள். பல்பு மஞ்சளாக எழுந்து வெள்ளையாக எரிந்தது. நான் குமிழைத் திருப்ப, முள் இறங்கி ஏறி, அறை முழுக்க வெளிச்சம். அவள் ஊதுவதை நிறுத்தாமல் கண்ணால் சிரித்தாள். நகப்பாலீஷ் பாட்டிலை எடுத்துவந்து, குமிழ் நின்ற இடத்தில் இரண்டு சிவப்புப் பொட்டு வைத்தாள், இனிமேல் தேட வேண்டாம் என்று.

பேசிப் பார் என்று நான் சொல்லவில்லை. குரலை மிச்சம் பிடிக்க வேண்டும் அல்லவா. டாக்டர் சொன்னதை நான் சட்டமாகப் பிடித்துக்கொண்டேன். அவள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் உதட்டில் விரல் வைப்பேன். அக்காவுக்கு என்று சேர்த்துவை என்பேன். உண்டியலில் போடுவதைப்போல.

அனுப்புவதற்கு லீனியர் தயார். கேட்பதற்கு? உலைகள் ஓடும்போது அக்கா சொல்வதில் பாதிதான் கிடைக்கும். மாதத்தில் ஒரு நாள் மின்வாரியம் பராமரிப்பு என்று சப்ஸ்டேஷனை நிறுத்தும். அன்று உலைகள் எல்லாம் நிற்கும், ரேடியோ கிணற்றுத் தண்ணீர்போல அமைதியாகிவிடும். ஆனால் கரண்ட் இல்லாமல் லீனியர் ஏது? சிறிய பெட்டி பேட்டரியில் ஓடும், இது ஓடாது. ஆகவே ஜெனரேட்டர் வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னால் அப்படி ஒரு நாள்தான் இருந்தது.

கூட்டுரோட்டில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிற தம்பியிடம் போனேன்.

"ஜெனரேட்டர் எதுக்குண்ணா? கல்யாணமா, சாவா?"

ரெண்டும் இல்லை என்றேன்.

"அப்போ கட்சி மீட்டிங்."

அவள் பேச வேண்டும், அதற்கு என்றேன். அவன் அவளை எடைமேடையில் பார்த்திருக்கிறான், குரலைக் கேட்டிருக்கிறான். நம்ம எடைமேடை அக்காவுக்கு மைக்கும் ஜெனரேட்டரும் வேற வேணுமா என்று சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டான்.

முந்தின நாள் காலைக் கூட்டத்தில் நானே அக்காவைக் கூப்பிட்டு, நாளை நாலு மணிக்குப் பக்கம் தனியாக வருவாள், காத்திருங்கள் என்று சொல்லிவைத்தேன். என்ன விஷயம் என்று அக்கா கேட்கவில்லை. காத்திருப்பேன் என்றார். டெலிபோன் ஆபீஸ்காரர், குரலை வைத்தே தெரிந்துகொண்டிருப்பார்.

அன்று மத்தியானம் தெருமுனையில் ஜெனரேட்டரை வைத்து, அதன் சத்தம் எட்டாமல் இருக்க நீளமாக ஒயர் இழுத்து மாடிக்குக் கொண்டுவந்தோம். அவள் தலைக்குக் குளித்து, பொட்டு வைத்து, நல்ல புடவை கட்டியிருந்தாள். ரேடியோவில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. பெட்டியைப் போட்டதும் உலைச் சத்தம் இல்லை. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு அமைதியில் நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தது குறைவு. வால்வுகள் சூடேறின. அவள் ஒரு மூச்சு ஊதினாள். குமிழ்கள் சிவப்புப் பொட்டில் நின்றன. முள் சரியாக இருந்தது.

அக்காவின் குரல் வந்தது, பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல.

"தங்கச்சி, நான் இருக்கேன். ஓவர்."

நான் மைக்கை அவள் கையில் கொடுத்தேன். அவள் பட்டனை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு பேசினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அக்கா, நான்தான், என்றாள். இதுக்கு அப்புறம் என் குரல் இருக்காது, என்றாள். நான் பெருமையாக மீட்டரைப் பார்த்தேன்.

முள் அசையவில்லை.

ஏதோ ஒயர் கழன்றுவிட்டது என்று நினைத்தேன். இழுத்துப் பார்த்தேன். மைக் சத்தத்தைக் கடைசி வரை ஏற்றினேன். அவள் மறுபடி பேசினாள். முள் சும்மா நடுங்கியது, அவ்வளவுதான். அதுவும் அவளுடைய மூச்சுக்காற்று. அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. லீனியர் கொடுத்ததைத்தான் பெரிதாக்கும். விசிலைக் கொடுத்தால் விசிலைப் பெரிதாக்கும். அவள் குரலில் அதற்குக் கொடுக்க ஒன்றும் மிச்சம் இல்லை. வீட்டுக்குள் அவள் வாய் அசைவைப் பார்த்துப் பார்த்து நான் காதால் கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். மைக்குக்குக் கண் இல்லை.

"தங்கச்சி, நீ அழுத்தறது தெரியுது. குரல் வரல. நீ பேசு. நான் இருக்கேன். ஓவர்."

அவள் பேசினாள்.

"குரல் வரலம்மா. பேசு. அவசரம் இல்ல. ஓவர்."

மைக்கைக் கொடு, நான் சொல்கிறேன் என்று கையை நீட்டினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். மைக்கை வாயருகே கொண்டுபோனாள். பிறகு உதட்டைக் குவித்து ஊதினாள். டியூன் செய்வதற்கு ஊதும் அதே நீள விசில். முள் எகிறியது. அந்தப் பக்கம் அமைதி. எவனோ இந்த அலைவரிசையில் வந்து டியூன் செய்கிறான் என்று அக்கா நினைத்துக்கொள்வாரோ என்று எனக்குப் பயம். தினமும் காலையில் இந்த விசிலுக்குப் பிறகுதான் அவள் குரல் வரும். அக்கா அதற்காகக் காத்திருந்திருப்பார். வரவில்லை.

அப்புறம் அக்கா பேசினார். குரல் மாறியிருந்தது.

"கேட்டேன். நல்லா கேட்டேன். நீ பேச வேணாம், ஊது. நான் பேசறேன். இங்க மழை. துணியெல்லாம் மாடியில நனையுது, நான் எடுக்கப் போகல. ஓவர்."

இவள் சின்னதாக ஒன்று ஊதினாள். அக்கா ஏதோ சொல்லிச் சிரித்தார். இவள் ஊதினாள். நான் அங்கே உட்கார்ந்து இரண்டு பெண்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒருத்தியை மட்டும்தான் பார்க்க முடிந்தது என்றாலும். பிறகு அக்கா, "இப்போ நான் சொல்றத நல்லா கேட்டுக்கோ தங்கச்சி" என்று ஆரம்பித்தார். அப்போது எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. மின்வாரியம் எந்த நாளும் சொன்ன நேரத்துக்கு முன்னால் கரண்டைக் கொடுத்ததில்லை, அன்று கொடுத்தது. சிப்காட்டில் ஒவ்வொரு உலையாக ஏறியது. கர்ர் என்ற சத்தம் வந்து அக்காவின் மேல் மண்ணைப்போல் விழுந்தது. அக்கா பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது, என்ன என்று தெரியவில்லை. அவள் ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் எழுந்து சுவரை உதைத்தேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். எனக்கு மட்டும் கேட்கிற அந்தக் குரலில் சொன்னாள்.

"எனக்குத் தெரியும்யா. நீ ஷிப்டுக்குப் போனப்போ நான் பேசிப் பாத்தேன். பல்பு கண்ணே தொறக்கல."

ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப? சும்மா இருக்கத் தெரியாது உனக்கு. இப்ப உதைச்சியே, அப்பவே உதைச்சிருப்ப. இதக் கட்டிகினு இருந்தாலாவது ஒழுங்கா நாஷ்டா துன்ன."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். உயிர் பிழைத்தாளே என்கிறார்கள். பிழைத்தாள். எனக்குத் தெரியாதா? எடைமேடை வேலை போய்விட்டது. வீட்டில் என்னைக் கூப்பிட வேண்டுமானால் டம்ளரைத் தட்டுகிறாள். கழுத்துத் துளைக்கு மேல் ஒரு மெல்லிய துணி கட்டியிருக்கிறாள். தந்தி அடிக்கிற கருவி ஒன்று வாங்கிவந்தேன், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் பேசலாமே என்று. அவள் அதைப் பிரிக்காமலே பரண்மேல் போட்டுவிட்டாள். பேசுவதற்காக லைசென்ஸ் வாங்கியவள், தட்டுவதற்காக வாங்கவில்லை.

ரொம்ப நாள் மாடி அறையைத் திறக்கவில்லை. போன வாரம் ஒரு காலையில் திறந்தேன். லீனியரைப் போட்டேன். வால்வு சூடேறியது. டியூன் செய்யலாம் என்று மைக்கை எடுத்து ஊதினேன், எச்சில்தான் வந்தது. படியேறி அவள் வந்ததை நான் கவனிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பழக்கத்தில் மைக்கை வாங்கிக்கொண்டு, என் கை குமிழுக்குப் போகும் வரை காத்திருந்து, உதட்டைக் குவித்தாள்.

கழுத்துத் துணி மட்டும் ஆடியது.

அவள் மறுபடியும் ஊதினாள். துணி மறுபடியும் ஆடியது. விசில் உதட்டில்தான் பிறக்கிறது, ஆனால் மூச்சு இப்போது அந்த வழியாக வருவதில்லை. டாக்டர் குரலைப் பற்றித்தான் சொன்னார். விசிலைப் பற்றி நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவள் மைக்கை என் மடியில் வைத்துவிட்டு, விரலால் இரண்டு சிவப்புப் பொட்டுகளைக் காட்டினாள். குமிழ்களை அங்கே கொண்டுபோய் வைத்தேன். சரியாகத்தான் இருந்தது. யாரும் ஊத வேண்டியதில்லை.

காலைக் கூட்டம் முடியும் நேரம். உலைச் சத்தத்துக்கு அடியில் அக்காவின் குரல் கேட்டது, தங்கச்சி வீட்டில் யாராவது இருக்கிறீர்களா என்று. தினமும் கேட்டிருப்பார் போல. அவள் என் தோளில் குத்தினாள், பேசு என்று.

"பக்கத்துலதான் இருக்கா. கேட்டுக்கினு இருக்கா. ஓவர்" என்றேன்.

எனக்குப் பெரிய குரல். உலையருகே கத்திப் பழகிய குரல். முள் கடைசி வரை போய் நின்றது. அவள் அதையே பார்த்தாள். அக்கா பதில் சொல்ல ஆரம்பித்ததும் அவள் ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்தாள். நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து மீட்டர் மேல் போட்டு மூடினேன்.